எந்தப் பக்கத்து ஜன்னல்?

பிளேனில் போவதென்றால் நம்மில் அநேகமானோர் ஜன்னல் சீட் கேட்கிறோம். செக்-இன் கவுண்டரில் கேட்கிறோம். ஒன்லைனில் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் மாறி இருக்கலாமா?" என்றும் கேட்கிறோம். ஆனால் இடது பக்கத்து ஜன்னலா, வலது பக்கத்து ஜன்னலா என்று யோசித்துக் கேட்பவர்கள் குறைவு. ஏதோ ஒரு ஜன்னல் கிடைத்தால் போதும். ஏறி உட்கார்ந்து இறக்கையை ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, மூடியை இழுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

இது சின்ன விடயம் என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். கடந்த வருடம் உம்மாவை முழங்கால் சத்திரசிகிச்சைக்காக சென்னைக்குக் கூட்டிப் போய் வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதற் பயணத்தில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். காலை நேர விமானம். உம்மா, நானா, நாம் என்று மூன்று பேர். வலது பக்கத்தில் மூன்று சீட் சேர்ந்து கிடைத்தது, அதைப் பதிவு செய்தோம். உம்மா பிளேனில் ஏறுவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்பதால் ஜன்னல் ஓரம் அவருக்கு. கால் நீட்ட நடைபாதைச் சீட் நல்லது என்று நானா சொல்லிப் பார்த்தார், உம்மா கேட்கவில்லை. "ஊரைப் பாத்துக்கிட்டுப் போகலாம்" என்றார்.

பிளேன் மேலெழுந்து வடக்கே திரும்பியதும் வெயில் நேராக உம்மாவின் முகத்தில் அடித்தது. கண்ணாடியில் இருந்த கீறல் எல்லாம் பளபளத்தது. கீழே எதுவுமே தெரியவில்லை, வெள்ளை வெளிச்சம் மட்டும்தான். இரண்டு நிமிடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு உம்மா மூடியை இறக்கிவிட்டார். சென்னையில் சக்கரம் தரையில் படும்வரை தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். "ஒண்டும் தெரியல்ல புள்ள" என்று மட்டும் சொன்னார்.

பாடசாலையில் புவியியல் படிப்பிப்பவர்கள் நாம். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும், சென்னை எந்தத் திசையில் இருக்கிறது என்று நம்மைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். ஆனால் சீட் பதிவு செய்தபோது அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வரவில்லை. படித்தது பரீட்சைத் தாளில் இருந்தது, பயணம் வேறெங்கோ இருந்தது.

சரி, எப்படித் தெரிவு செய்வது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூன்று விடயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, திசை. தேசப்படத்தை எடுத்து, புறப்படும் இடத்திலிருந்து இறங்கும் இடத்துக்கு ஒரு கோடு போடுங்கள். போகும் திசையைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரியுங்கள். இடது கைப் பக்கம் என்ன இருக்கிறது, வலது கைப் பக்கம் என்ன இருக்கிறது? அவ்வளவுதான். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குக் கோடு போட்டால் அது கிட்டத்தட்ட நேர் வடக்கே போகும். சிலாபம், புத்தளம், கற்பிட்டி, மன்னார் தீவு, ஆதம் பாலம் என்று நம் வடமேற்குக் கரையின் விசேஷமான இடங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் விழும். விமானத்தின் பாதை நாளுக்கு நாள் கொஞ்சம் மாறலாம். ஆனாலும் பக்கம் பெரும்பாலும் மாறாது.

இரண்டாவது, சூரியன். காலையில் வெயில் கிழக்கே, பின்னேரம் மேற்கே. வெயில் இருக்கும் பக்கத்து ஜன்னல் கண்ணைக் கூச வைக்கும், கடல் எல்லாம் தகரம் போல மின்னும். வெயிலுக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலில் இருந்தால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமாக வந்து நிலத்தின் மேல் விழும். பச்சை பச்சையாகவும் நீலம் நீலமாகவும் தெரியும். ஆகவே காலையில் வடக்கே போகிறவருக்கு இடது பக்கம். சென்னையிலிருந்து திரும்பி வரும்போது அதே கரை வலது பக்கம் வரும். ஆனால் பின்னேர விமானம் என்றால் வெயிலும் அந்தப் பக்கம்தான். அப்போது கரை வேண்டுமா, கண் கூசாமல் இருக்க வேண்டுமா என்று ஒன்றைத்தான் எடுக்கலாம். முடிந்தால் திரும்பும் பயணத்தையும் காலையில் போடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலம் சூடேற ஏறத்தான் மேகம் திரளும். காலையில் நிலத்துக்கு மேலே வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது, இறக்கை. நடு வரிசைகளில் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே இறக்கைதான் தெரியும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் இஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று, அடுப்புக்கு மேலே அலையும் காற்றைப் போல, காட்சியைக் கலங்க வைக்கும். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் நன்றாகப் பின்னால் போய்விடுங்கள். ஆசன எழுத்துகளில் ஏ என்பது முன்னோக்கிப் பார்க்கும்போது இடது ஓரம். எயார்பஸ் ஏ320 போல ஒரு வரிசைக்கு ஆறு பேர் இருக்கும் விமானத்தில் எஃப் என்பது வலது ஓரம். இன்னொன்றும் கவனியுங்கள். சில வரிசைகளில் 'ஜன்னல் சீட்' என்ற பெயர் மட்டும்தான் இருக்கும், ஜன்னல் இருக்காது, வெறும் சுவர்தான். பதிவு செய்ய முன்னர் ஆசன வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சீட் தெரிவுக்கு சில நிறுவனங்கள் காசு எடுக்கும். காசு கொடுக்க விருப்பமில்லாவிட்டால் நேரத்துக்குப் போய் கவுண்டரில் "இடது பக்கம், இறக்கைக்கு முன்னால்" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் தருவார்கள்.

இரண்டாவது தடவை, சத்திரசிகிச்சைக்குப் பிறகு டொக்டரிடம் காட்டப் போனபோது, நாம் இதையெல்லாம் பார்த்துத்தான் பதிவு செய்தோம். காலை விமானம், இடது பக்கம், இறக்கைக்கு முன்னால். உம்மாவுக்கு ஏ சீட். காலை மடக்கி இருப்பது கஷ்டம்தான். ஒன்றேகால் மணித்தியாலம் அளவுதானே, சமாளிக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் உம்மாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உம்மாவின் ஊர் மன்னார் தீவில் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகளின் உத்தரவின் பேரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும், ஏறத்தாழ 75,000 பேர், சில நாட்களுக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மன்னார் தீவிலிருந்து பலர் கடல் வழியாகத்தான் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உம்மாவும் அப்படித்தான் வந்தார், கைக்குழந்தையாக இருந்த நானாவோடு. நாம் பிறந்தது புத்தளத்தில், அகதி முகாம் கொட்டிலில்.

உம்மாவின் வாயிலிருந்து அந்தக் கடற்பயணத்தைப் பற்றி நாம் கேட்டது மிகக் குறைவு. "வள்ளம் நெறய சனம். தண்ணி இல்ல. ராவெல்லாம் புள்ள அழுதான்." இவ்வளவுதான். அந்தக் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "சரியான தூரம்" என்பார். சமாதானம் வந்த பிறகு இரண்டு மூன்று தடவை ஊரைப் பார்க்கப் போயிருக்கிறார். ஆனால் புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றித்தான் பஸ் மன்னாருக்குப் போகும். 180 கிலோமீற்றருக்கு மேல். ஒரு பகல் போய்விடும். ஆகவே உம்மாவின் மனதில் அந்த ஊர் எப்போதும் வெகுதூரத்தில்தான் இருந்தது. உம்மாவைப் பார்த்து வளர்ந்த நமக்கும் அப்படித்தான்.

அன்று காலை வானம் நல்ல தெளிவு. விமானம் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. சிலாபம் தாண்டியதும் கரை கத்தியால் வெட்டியது போலத் தெரிந்தது. பிறகு புத்தளம் களப்பு. உப்பளங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. அதற்கும் அப்பால் களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு விரலைப் போல நீண்டு கிடந்த நிலம்.

"இது கற்பிட்டி உம்மா" என்றோம்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார்.

கற்பிட்டியின் நுனி பின்னால் போனது. குட்டித் தீவுகள், வில்பத்துக் காட்டின் கரை, பிறகு பச்சையும் நீலமும் கலந்த ஆழமில்லாத கடல். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். கடலுக்குள் நாக்கை நீட்டியது போல மன்னார் தீவு வந்துவிட்டது. தள்ளாடியில் இருந்து தீவுக்குப் போகும் தாம்போதி நூல் மாதிரித் தெரிந்தது. தெற்குக் கரை நெடுக காற்றாலைகள், தீக்குச்சி நட்டது போல. 2020ஆம் ஆண்டளவில் வந்த 30 காற்றாலைகள் அவை. உம்மா ஊரை விட்டு வரும்போது அங்கே அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

"எங்கட ஊர் எது?"

காற்றாலைகளுக்கு எதிர்ப்பக்கக் கரையில் விரலை வைத்துக் காட்டினோம். கண்ணாடியில் நம் விரல் நுனி ஊர் முழுவதையும் மறைத்தது.

உம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நானாவின் பக்கம் திரும்பி, "இவ்வளவு கிட்டவா இருந்திச்சி?" என்றார்.

நானாவுக்குப் பதில் வரவில்லை. தீவு முடியும் தலைமன்னாரிலிருந்து மணல் திட்டுகள் புள்ளி புள்ளியாக மேற்கே தனுஷ்கோடியை நோக்கிப் போயின. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நம்மவர்கள் ஆதம் பாலம் என்கிறோம், இந்துச் சகோதரர்கள் இராமர் அணை என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் யாரோ கைப்பிடி மணலைத் தூவிவிட்டது போல இருக்கிறது. உம்மா அதையும் பார்த்தார். ஆனால் அவர் கண் திரும்பத் திரும்பப் பின்னால்தான் போனது, தீவு மறையும் வரைக்கும்.

கற்பிட்டியிலிருந்து மன்னார் நேர்கோட்டில் ஏறத்தாழ 85 கிலோமீற்றர்தான். நாம் வகுப்பில் அளவுத்திட்டத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு அளந்து காட்டியும் இருக்கிறோம். ஆனால் அந்த 85 கிலோமீற்றரை நம் உம்மாவின் ஒரு இரவோடு நாம் ஒருநாளும் பொருத்திப் பார்த்ததில்லை.

இதிலிருந்து நாம் சொல்ல வருவது இதுதான். நம் பிள்ளைகளுக்குத் தேசப்படம் குறிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். தலைமன்னார் எங்கே, கற்பிட்டி எங்கே, புத்தளம் களப்பு எங்கே என்று கேட்டால் டக்கென்று புள்ளி வைப்பார்கள், புள்ளியும் எடுப்பார்கள். ஆனால் அந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிக்குப் போகும்போது நம் இடது கைப் பக்கம் என்ன இருக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். நாமே விழித்தோமே! முகாமில் பிறந்த நமது தலைமுறையிலும் அதற்குப் பிந்திய தலைமுறையிலும் எத்தனை பேருக்கு உம்மா வாப்பாவின் ஊர் தாங்கள் இருக்கும் இடத்துக்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரியும்? "மன்னார்" என்பது அவர்களுக்கு அடையாள அட்டையில் வாப்பாவின் பிறந்த இடம், அவ்வளவுதான்.

இது வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் உரிய கதை அல்ல. வருடா வருடம் நம் ஊர்களிலிருந்து எத்தனை பேர் கட்டார், சவூதி, டுபாய் என்று போகிறார்கள்? எத்தனை உம்மாமார் வீட்டு வேலைக்குப் போகிறார்கள்? அவர்களுக்கு யாராவது சீட் பார்த்துக் கொடுக்கிறோமா? கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானம் வடமேற்கே போகும். வானம் தெளிந்திருந்தால் சிலாபம், புத்தளம் கரை வலது பக்கம் சற்றுத் தூரத்தில் தெரியும். பின்னேரம் போனால் வெயிலும் இடது முன்பக்கம்தான் இருக்கும், ஆகவே வலது பக்கம் கண்ணுக்கும் இதம். இரவு என்றால் கரையோர ஊர்களின் வெளிச்சமும் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சமும் தெரியும். இரண்டு வருடத்துக்கு நாட்டைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்து போகிறவருக்கு அந்தச் சில நிமிடங்கள் சின்ன விடயமா?

"இதெல்லாம் பெரிய விடயமா? இப்போது போனிலேயே செய்மதிப் படம் பார்க்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான், பார்க்கலாம். உம்மாவுக்கு நாமே போனில் எருக்கலம்பிட்டியைக் காட்டியிருக்கிறோம். "ம்ம், நல்லாயிருக்கு" என்றுவிட்டு போனைத் திருப்பித் தந்துவிட்டார். போனில் எந்த ஊரும் ஒரே அளவுதான். விரலை விரித்தால் பெரிதாகும், சுருக்கினால் சின்னதாகும். அங்கே தூரம் என்ற ஒன்று இல்லை. ஜன்னலில் பார்க்கும்போது நாம் உண்மையாகவே அந்த இடத்தைக் கடந்து போகிறோம். தான் ஒரு இரவு முழுக்க வந்த கடலை ஏழெட்டு நிமிடத்தில், அதுவும் வந்த வழியே திரும்பி, கடந்து போகும்போதுதான் உம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இன்னொருவர், "ஜன்னலுக்கு ஆசைப்படுவது சின்னப்பிள்ளைத்தனம்" என்றார். அல்லாஹ் தஆலா வானத்தையும் பூமியையும் மலைகளையும் நோக்கிச் சிந்திக்கும்படி குர்ஆனில் எத்தனை இடங்களில் சொல்கிறான்! பார்க்க வாய்ப்புக் கிடைத்தும் மூடியை இறக்கிவிட்டுத் தூங்குவதுதான் பெரியமனிதத்தனம் என்றால், நாம் சின்னப்பிள்ளைகளாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

ஆனால் ஒன்று. ஜன்னல் சீட் கிடைத்தவருக்கு சில கடமைகளும் உண்டு. குடும்பமாகப் போகும்போது அந்தச் சீட்டை வழக்கமாகப் பயணம் போய் வருபவர் பிடித்துக்கொள்ளக் கூடாது. முதல் தடவை போகிறவருக்கும் பிள்ளைக்கும் வயதானவருக்கும் கொடுங்கள். "வயசானவங்களுக்கு ஜன்னல் எதுக்கு" என்று நினைக்காதீர்கள். கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். மூடியைத் திறந்து வைத்திருங்கள். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வழிவிடுங்கள். படம் எடுப்பதென்றால் ஒன்றிரண்டு போதும். நாம் அன்று எடுத்த படங்கள் எல்லாம் மங்கல்தான். ஞாபகத்தில் இருப்பது மட்டும் மங்கவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் 8, 9 வகுப்புகளில் இதை ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பாருங்கள். நாம் ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது, பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். பிளேன் ஏறாத பிள்ளைதான் நம் வகுப்பில் அதிகம். ஆகவே ரயிலில் தொடங்குங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போகும் ரயிலில் கடல் எந்தப் பக்கம்? பின்னேரம் போனால் வெயில் எந்தப் பக்கம்? பிறகு பிளேனுக்கு வாருங்கள். காலை 8 மணிக்குக் கட்டுநாயக்கவிலிருந்து சென்னை, எந்த ஜன்னல்? பின்னேரம் 4 மணிக்கு சென்னையிலிருந்து கட்டுநாயக்க, எந்த ஜன்னல், ஏன்?

நாம் கொடுத்தோம். கடைசியாக ஒரு கேள்வியையும் சேர்த்தோம்: "உங்கள் உம்மா அல்லது வாப்பா பிறந்த ஊரைப் பிளேனில் இருந்து பார்க்க வேண்டுமானால், எங்கிருந்து எங்கே போகும் விமானத்தில், எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?" முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர் அடுத்த நாள்தான் விடை கொண்டு வந்தார்கள். வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை, "உம்மம்மா கதைக்கத் தொடங்கினவ, நிப்பாட்டவே இல்ல" என்றது. அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டோம்.

உம்மாவுக்கு இப்போது கால் பரவாயில்லை, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாதம் இன்னொரு முறை டொக்டரிடம் காட்டப் போக வேண்டும். நேற்று இரவு நானா டிக்கட் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா குசினியிலிருந்து கேட்டார்:

"காலயில பிளேன்தானே? ஏ பக்கம் போடு."